சூட்டில் வைக்க வேண்டிய அளவு

பிப்ரவரி 10, திங்கள்

புது ஜெனரேட்டர் வந்து இறங்கியது. புதுசு என்றால் இந்தக் கோழிப்பண்ணைக்குப் புதுசு. ஏற்கெனவே எங்கோ ஒரு மில்லில் ஓடியதைப் பச்சைப் பெயிண்ட் அடித்து மாப்பிள்ளை மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். பழையதை அதே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பதினோரு வருஷம் என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. சூப்பர்வைசர் குருமூர்த்தி, "என்ன வேலுமணியண்ணா, மூஞ்சியே செரியில்ல" என்றார். தூசி என்று சொன்னேன்.

தீவனக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. போன வருஷத்து டைரியில் நாலு பக்கம்தான் எழுதினேன். இந்த வருஷம் பேச ஆள் குறைந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன் போலிருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

வால்வுக்கு இடைவெளி வைக்கிற டாப்பெட் செட்டிங் முடித்தேன்.

நேற்று மாலை ஆறு மணிக்கே இன்ஜினை நிறுத்தி, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் தொட்டால் சில்லென்று இருந்தபோதுதான் மூடியைக் கழற்றினேன். இதில் மட்டும் நான் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை. வால்வின் தலைக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும். இரும்பு சூடானால் வளரும். வளர இடம் விடாவிட்டால் வால்வு முழுசாக மூடாது. சூட்டோடு அளந்து வைத்துவிட்டு ஓடுகிறவனெல்லாம் மெக்கானிக்கே இல்லை என்று பழைய இன்ஜினில் பதினோரு வருஷம் சொல்லியிருக்கிறேன். ஆறட்டும், அப்புறம் கை வைப்போம் — இதுதான் என் பேச்சு.

கூட வந்த பிளாஸ்டிக் உறையில் அளவுத் தாள் இருந்தது. எண்ணைப் பார்த்தேன், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் அந்தத் தகட்டை எடுத்தேன், பன்னிரண்டு வால்வுக்கும் வைத்தேன். ஸ்டார்ட் செய்தால் அப்படி ஒரு அமைதி. பழையது டக்டக்கென்று தறி மாதிரி அடிக்கும். இது மூச்சு விடுகிற சத்தம்தான். குருமூர்த்தி வந்து நின்று கேட்டுவிட்டு, "கைராசிண்ணா" என்றார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெண்டாட்டி சௌந்திரம் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

இந்தப் பண்ணையில் உள்ளே வருவது சுலபமில்லை. கேட்டில் குளித்து, துணி மாற்றி, போனைக்கூடக் கிருமி கொல்லும் விளக்குப் பெட்டிக்குள் வைத்து எடுத்துத்தான் வர வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பினால் கேட்டை ஒட்டிய அறையில் மூன்று நாள் தனியாகக் கிடக்க வேண்டும். வீட்டில் கோழி, வாத்து, காடை, புறா எதுவும் வளர்க்கக் கூடாது. வெளிக்கோழியின் சீக்கு நம் காலோடு உள்ளே வந்துவிட்டால் ஐம்பதாயிரம் தாய்க்கோழியும் போச்சு. அதனால் 'என் வீட்டில் பறவைகள் இல்லை' என்று வருஷா வருஷம் கையெழுத்து வாங்குவார்கள்.

வருஷா வருஷம் நானும் போட்டேன். சொந்த ஊர் ஜேடர்பாளையத்தில் என் பெண்டாட்டி ஒன்பது நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கோ பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்ததும், இந்த வருஷம் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்குப் போனபோது கோழிகளை விற்றுவிடு என்று சௌந்திரத்திடம் சொன்னேன். முடியாது என்றாள். பேச்சு முற்றியது. கடைசியில் அவள் சொன்னது: "இந்த ஊட்டுல ஒரு சத்தம் வேணுமுங்க. நீங்க இருந்தா நான் எதுக்கு இதுகளக் கட்டிக்கிட்டு மாரடிக்கறேன்?"

நான் சொன்னது: "கோழியா நானான்னு முடிவு பண்ணிச் சொல்லு."

அவள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தாள். நான் ஒரு நாள் முன்னதாகவே பஸ் ஏறிவிட்டேன். கோபத்தில் இருக்கிறாள், ஆறட்டும் என்று நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். கொதிக்கும்போது கை வைத்தால் இருவருக்கும் சுடும்.

மார்ச் 3, திங்கள்

இட்லி. வெயில். கரண்ட் இரண்டு முறை போனது. இன்ஜின் தங்கம்.

மார்ச் 14, வெள்ளி

முன்பெல்லாம் மத்தியானம் ஒன்றரைக்கு அவள் போன் வரும். கீரி வந்தது, கருப்பி முட்டையை அடுத்த வீட்டு அத்தாயி தோட்டத்தில் இட்டுவிட்டது, சேவல் பால்காரனைத் துரத்தியது — கோழிப் புராணம்தான். "அட, வேலை இருக்குது, வை" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். இப்போது ஒன்றரை மணி ஆனால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. வெட்கக்கேடு.

மகள் தமிழினி ஓசூரிலிருந்து பேசினாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நல்லா இருக்காங்க, ஒண்ணும் சொல்றதில்ல என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் நல்லதுதானே?

ஏப்ரல் 1, செவ்வாய்

தினமும் மூன்று மணி நேரமாவது ஜெனரேட்டர் ஓடுகிறது. முதலாளியே நேரில் வந்து, சத்தமே இல்லையே என்று பாராட்டினார். எனக்குச் சுவரை ஒட்டிப் படுத்தால் தூக்கம் வரவில்லை. பழையது அடிக்கிற அடியில் குழந்தை மாதிரி தூங்குவேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மெஸ்ஸில் பாயசம். சௌந்திரம் வேப்பம்பூப் பச்சடி செய்திருப்பாள். ஒரு ஆளுக்கு என்னத்தைச் செய்வாள்?

நம்பரைப் போட்டேன். அடிக்கும் முன்பே நிறுத்திவிட்டேன். மூன்று மாசம் ஆயிற்று. முதல் வார்த்தையாக என்ன பேசுவது? சாப்பிட்டியா என்றா? மூன்று மாசம் கேட்காதவன் இன்றைக்கு மட்டும் என்ன கேட்பது. அடுத்த வாரம் பார்க்கலாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தமிழினி கூப்பிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. அம்மா மே மாசம் ஓசூருக்கே வந்துவிடுகிறாளாம். இருக்கிறதற்கு. வீட்டை வாடகைக்கு விடச் சொல்லி அத்தாயியிடம் சொல்லிவிட்டாளாம். "உங்கப்பாவுக்குப் பண்ணைதானே ஊடு, அவர்கிட்ட எதுக்குக் கேக்கறது" என்றாளாம்.

இன்னுமா கோபம் என்றேன். தமிழினி சொன்னாள்: "அம்மாவுக்குக் கோபமெல்லாம் எப்பவோ போயிருச்சுங்கப்பா. அதான் எனக்குப் பயமா இருக்குது."

போனை வைத்த பிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டுக்கு மண் சுமந்தவன் நான். சுண்ணாம்பு அடித்தவன் நான். என்னைக் கேட்காமலா? என்று ஒரு கோபம் வந்தது. கோபம் கொஞ்ச நேரம் துணைக்கு இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. அவள் போய்விட்டால் எனக்கு ஊர் என்று ஒன்று இல்லை. இந்தப் பத்துக்குப் பத்து அறைதான்.

ஏப்ரல் 28, திங்கள்

நாலு நாள் லீவு கேட்டேன். அக்னி நட்சத்திரம் முடியட்டும்ண்ணா, உங்களை விட்டால் ஜெனரேட்டருக்கு யாரு என்றார் குருமூர்த்தி. சரிங்க சார் என்று வந்துவிட்டேன்.

ஏன் சரி என்றேன்? ஜூன் வரைக்கும் அவள் பெட்டியைக் கட்டாமல் காத்திருப்பாளா? எனக்கு எல்லோரிடமும் சரிதான். கட்டினவளிடம் மட்டும் நானா கோழியா.

மே 4, ஞாயிறு

காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டது. வெள்ளைப் புகை. புகைக்குழாயில் புஸ் புஸ் என்று ஒரு சத்தம், யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுகிற மாதிரி. டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று ஃபில்டர் மாற்றினேன். கொஞ்சம் தேவலை.

மே 9, வெள்ளி

எப்படி எழுதுவது.

இரண்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுத்தது. நாலு நிமிஷம் ஓடியது. அப்புறம் இருமியது — லோடு தாங்காமல் இறங்கி, நின்றே போய்விட்டது. மறுபடி அடித்தேன், மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. ஆறு ஷெட்டிலும் ஃபேன் நின்றுவிட்டது. அந்த நிசப்தத்தை நான் பதினோரு வருஷத்தில் கேட்டதில்லை.

கதவையெல்லாம் திறந்தோம். ஆளுக்கு ஒரு வாளி, ஹோஸ் பைப், கையில் கிடைத்த அட்டையில் விசிறினோம். கோழிகள் வாயைத் திறந்துகொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. பிறகு ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. உட்கார்ந்தது எழவில்லை. ஐம்பது நிமிஷம் கழித்து லைன் வந்தது.

கடைசி ஷெட்டில்தான் அதிகம். மொத்தம் செத்தது அறுநூற்றுச் சொச்சம். சாயந்திரம் குழி வெட்டினார்கள். நான் வண்டி தள்ளினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மே 10, சனி

சேலத்திலிருந்து இளஞ்செழியன் வந்தார், இந்த மாதிரி இன்ஜின்கள் பார்க்கிற மெக்கானிக். ஹெட்டைக் கழற்றினார். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்து, விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு துண்டு இல்லை. மற்றதிலும் இரண்டு கருகியிருந்தது.

டாப்பெட் யார் வைத்தது, எப்படி வைத்தது என்று கேட்டார். நான்தான், நன்றாக ஆறவிட்டு என்றேன், பெருமையாகவே. தாளைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஒரு விரலை அதில் வைத்துத் திருப்பிக் காட்டினார்.

எண்ணுக்கு மேலே ஒரு சொல் இருந்தது. இங்கிலீஷில் மூன்று எழுத்து. ஹாட்.

இந்த இன்ஜினுக்கு ஓடிய சூட்டிலேயே வைக்க வேண்டிய அளவு அது. அதை எடுத்துச் சில்லென்று இருந்த இன்ஜினில் வைத்திருக்கிறேன். சூடானதும் வளர்கிற வால்வுக்கு இடமே இல்லை. வால்வு வந்து உட்காரும் சீட்டும் தேயத் தேய, மூடியும் மூடாமலும் ஓடி, நெருப்பு இடுக்கு வழியாகப் போய்ப் போய் எரித்துவிட்டது. எனக்கு எழுத்துத் தெரியாதா? தெரியும். பதினோரு வருஷமாக என் மண்டையில் இருந்த 'ஆறட்டும்' என்ற சொல்லை அங்கேயும் படித்துவிட்டேன். எண்ணை மட்டும்தான் பார்த்தேன்.

"சத்தமே இல்லாம ஓடுச்சுங்களா?" என்றார் இளஞ்செழியன். ஆமாம் என்றேன். "அப்பவே தெரிஞ்சிருக்கோணுமுங்க. கொஞ்சமாச்சும் தட்டோணும். தட்டலீன்னா உள்ள எரியுதுன்னு அர்த்தம்."

மே 11, ஞாயிறு

குருமூர்த்தியிடம் போய் என் தப்பு என்று சொன்னேன். அவர் இந்த இன்ஜினை விற்றவன் மேல் பழி போட்டு ரிப்போர்ட் எழுதி மேலே அனுப்பிவிட்டாராம். விடுங்கண்ணா, வாயைக் கொடுக்காதீங்க என்றார். அந்த ரிப்போர்ட்டை மாற்றி எழுதுங்க சார் என்றேன். முதல் முறையாக அவரிடம் சரி சொல்லாமல் நின்றேன். மாற்றினார். என்ன செய்வார்களோ, செய்யட்டும்.

அந்தக் கோழிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை.

மே 12, திங்கள்

புது வால்வு போட்டு, முக்கால் மணி நேரம் லோடில் ஓட்டி, நிறுத்திய கையோடு மூடியைத் திறந்தோம். ஆவி முகத்தில் அடித்தது. நான் வைக்கிறேன் என்று இளஞ்செழியனிடம் கேட்டு வாங்கினேன். கையுறை போட்டால் தகட்டின் இழுவை விரலுக்குத் தெரியாது. வெறும் கைதான். நட்டைப் பிடித்துக்கொண்டு, தகடு வெண்ணெயில் கத்தி மாதிரி லேசாக இழுபடும் வரை திருகி, இறுக்கி, அடுத்தது. ஆறுவதற்குள் பன்னிரண்டும் முடிய வேண்டும். இரண்டு விரல் கொப்புளம். ஸ்டார்ட் செய்தோம். தட்டியது. லேசாக, ஒழுங்காக.

எண்ணெய்க் கையோடு வெளியே வந்து போனை எடுத்து அடித்தேன். என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அடித்திருக்க மாட்டேன்.

எடுத்துவிட்டாள். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். நான் பேச ஆரம்பித்தேன். எதை எதையோ. இன்ஜின், அறுநூறு கோழி, குழி, தாளில் இருந்த மூன்றெழுத்து. பொங்கலன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொன்னேன். சௌந்திரம், நாலு மாசமா உன் கோபம் தணியட்டும்னு உட்கார்ந்திருந்தேன், கோபமாக இருக்கும்போதே வந்திருக்கோணும் சாமி, என்றேன். குரல் உடைந்துவிட்டது. கேட்டில் செக்யூரிட்டி பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும்.

அவள் முழுசாகக் கேட்டாள். கடைசியில், "கைல மருந்து போடுங்க" என்றாள். பிறகு, "சேலம் பஸ் வந்துருச்சுங்க. வெக்கறேன்."

மே 14, புதன்

நேற்று லீவு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்து முதலாளி ஒரு வருஷ இன்கிரிமென்ட் கிடையாது, வேலையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

வீடு பூட்டியிருந்தது. சாவி அத்தாயியிடம். கொடுத்துவிட்டு, கோழியைச் சனிக்கிழமை வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன், அப்புறம் வியாபாரி வருகிறான் என்றாள். வீட்டுக்குள் எல்லாம் துடைத்து வைத்திருந்தது. என் வேட்டி ஒன்று மடித்து அலமாரியில் தனியாக இருந்தது. உட்கார்ந்து அழுதேன், வேறென்ன.

பதினோரு வருஷத்தில் இந்தக் கோழிகளை நான் தொட்டதில்லை. தொட்டால் பண்ணைக்கு ஆகாது என்று வீட்டிலும் எட்டியே நிற்பேன். இன்று காலை அத்தாயி தோட்டத்துக்குப் போய், ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூடையில் போட்டுக் கொண்டுவந்தேன். கருப்பி கையில் கொத்திவிட்டது, அதுவும் கொப்புளத்தின் மேலேயே.

பிறகு குருமூர்த்திக்குப் போன் செய்தேன். "ஊட்டுல கோழி இருக்குதுங்க சார்" என்றேன். இனி நான் பண்ணைக்குத் திரும்பப் போவதில்லை என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. என் இடத்துக்கு இளஞ்செழியன் ஒரு ஆளை அனுப்பும் வரை ஜெனரேட்டரைச் சமாளிக்க வழி சொல்லிவிட்டு வைத்தேன்.

மே 15, வியாழன்

தமிழினிக்கு மட்டும் சொன்னேன். வியாபாரி வேண்டாம், வாடகைக்கும் விட வேண்டாம், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று. அம்மாவிடம் நீங்களே சொல்லுங்க என்றாள். சொன்னேன். சௌந்திரம் "ம்" என்றாள்.

மே 21, புதன்

ஊரில் நாலைந்து தோட்டத்து மோட்டார் வேலை வந்தது. மத்தியானம் நானே சோறாக்கினேன், அடி பிடித்தது. இந்த வீட்டில் மத்தியானம் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. இதை அவள் பதினோரு வருஷம் பார்த்திருக்கிறாள்.

தினமும் ஒன்றரைக்கு நான் கூப்பிடுகிறேன். கோழி எண்ணிக்கை கேட்கிறாள். சொல்கிறேன். வைத்துவிடுகிறாள்.

ஜூன் 1, ஞாயிறு

இன்று வைக்கப் போனவள் நின்று, "சத்தம் கேக்கட்டும், அதுகளுகிட்ட வெய்யுங்க" என்றாள். போனைக் கூண்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் அவள் பேசவே இல்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். கால் மரத்துவிட்டது, எழவில்லை.

ஜூன் 13, வெள்ளி

போனைப் பிடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "கருப்பி எங்கீங்க?" என்றாள்.

எல்லாம் இருக்கிறது என்றேன். "இல்லீங்க. கருப்பி சத்தம் வரலீங்க. போய்ப் பாருங்க."

பத்துக்கு ஒன்பதுதான் இருந்தது. பன்னிரண்டு வால்வில் ஒன்று தட்டாவிட்டால் எனக்குத் தெரியும் என்று நான் பீற்றிக்கொண்டது உண்டு. இவள் ஓசூரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள். வீட்டைச் சுற்றித் தேடினேன். கட்டிலுக்கு அடியில், பழைய சாக்கின் மேல், பதினொரு முட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போனால் சீறுகிறது.

சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது. எப்போது உட்கார்ந்தது, நேற்றா முந்தாநாளா, தண்ணீர் கிட்டத்தில் வைத்தீங்களா, சாக்கை நகர்த்தாதீங்க, கோழியைத் தொடாதீங்க — மூச்சு விடாமல் பேசினாள். இதைக்கூடப் பார்க்காமல் என்னதான் அந்த வீட்டில் செய்கிறீர்கள் என்று சத்தம் போட்டாள். நன்றாகவே போட்டாள். நான் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டேன். வைக்கச் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஒன்றரைக்கு முன்பே அவளே கூப்பிட்டுவிட்டாள். சாப்பிட்டீங்களா என்றும் கேட்டாள், கோழிக்கு அப்புறம்தான்.

ஜூன் 28, சனி

வரப்போகிற குஞ்சுகளுக்கு அரிசிக் குருணை வாங்கினேன். கட்டிலை நகர்த்தாமலே திண்டாடித் திண்டாடிக் கூட்டினேன். இரண்டு தலையணையை வெயிலில் போட்டேன்.

ஜூலை 2, புதன்

விடிகாலை முதலே கட்டிலுக்கு அடியில் கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். பத்துக் குஞ்சு என்று நான் சொல்கிறேன். ஒன்பதுதான், கண்ணாடியை மாத்துங்க என்று, நேற்று ஓசூரிலிருந்து வந்து இறங்கிய சௌந்திரம், டார்ச்சும் கையுமாகத் தரையில் படுத்துக்கொண்டு சண்டை பிடிக்கிறாள். நானும் விடுவதாக இல்லை.